தலைமாட்டில் ஓர் இடம்

பால்துரைக்குப் படம் எடுக்க வரும் என்று நியூ ஜெர்சித் தமிழர்களிடையே பரப்பிவிட்டது ஞானமணி ஆன்ட்டிதான், வேறு யாருமில்லை. மான்மவுத் ஜங்ஷனில் அவர்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபம் முக்கால் மணி நேரம், சாப்பாடு மூன்று மணி நேரம். 1985-ம் வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த கூட்டத்தில், பிரியாணிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்கள்.

"ஏன்டா பால்துரை, ஈவ்னிங் காலேஜ்ல போட்டோகிராஃபி ஜாயின் பண்ணியிருக்கியாமே? எஞ்சினியர்னு சொல்லி உனக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கேன். நாளைக்கு ஸ்டூடியோக்காரன்னு சொல்லணுமா?"

"சும்மா ஹாபிக்கு ஆன்ட்டி."

"ஹாபின்னா டென்னிஸ் ஆடேன்!"

அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் சொந்த ஊர். எண்பதில் எம்.எஸ். படிக்க வந்தவன், படிப்பு முடிந்ததும் எடிசனில் ஒரு சின்னக் கம்பெனியில் பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தான். அந்தக் கம்பெனிதான் அவனுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தது. வக்கீலைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த மனுஷர் ஒரே பாட்டைப் பாடினார். பேப்பர் உள்ளே இருக்கும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்காதே, வைத்தால் உன் ஃபைல் குப்பைக்குப் போகும். எனவே ஐந்து வருஷமாக அவன் ஊர்ப்பக்கம் போகவில்லை. அம்மா ஒவ்வொரு கடிதத்திலும், அப்பா எழுதி முடித்த பிறகு அடியில் மிச்சமிருக்கும் இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதுவாள். "உன் முகம் மறந்துரும் போல இருக்கு, ஒரு போட்டோவாவது அனுப்பு."

கூட அறையில் இருந்த அனந்தராமனிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னான். அனந்தராமன் கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், கேமராவில் பரம மோசம். பால்துரையின் நெற்றிக்கு மேலே ஒன்றுமில்லை, முழங்காலுக்குக் கீழே எல்லாமே இருந்தது. அந்தப் படத்தையா பெற்ற தாய்க்கு அனுப்புவது? அந்த எரிச்சலில்தான் கல்லூரியில் போய்ப் பணம் கட்டினான். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு.

அந்தப் படிப்பில் ஒவ்வொரு வகையாகப் பழக வேண்டும். முதலில் அசையாப் பொருள். மற்றவர்கள் ஆப்பிளும் கண்ணாடிக் கோப்பையும் வைத்து எடுத்தார்கள். பால்துரை ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய முருங்கைக்காயை ஓர் எவர்சில்வர் தம்ளரில் செருகி எடுத்துக்கொண்டு போனான், அது என்ன ஆயுதம் என்று கேட்டார்கள். அடுத்தது இயற்கைக் காட்சி. ஜனவரி மாதம், எங்கே திரும்பினாலும் பனி. கேமரா காட்டிய வெளிச்ச அளவை அப்படியே நம்பி எடுத்தான், பனி முழுக்கச் சாம்பல் நிறமாக வந்து தொலைந்தது. ஆசிரியை தப்பு என்றாள். அவனுக்கு என்னவோ நியூ ஜெர்சியின் குளிர்காலம் அந்த நிறம்தான் என்று பட்டது. மூன்றாவது, தெருப் படங்கள். ஒரு குஜராத்திக் கடைக்காரர் இவன் கேமராவைக் கண்டதும் உள்ளே இருந்த இரண்டு பையன்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு, "யூ ஃப்ரம் இமிக்ரேஷன்?" என்றார். இமிக்ரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிப் போகிறவன் இவன்! மன்னிப்புக் கேட்டு ஓடி வந்தான். அத்தோடு தெருவை விட்டான்.

முகப் படம் எடுக்கும் பருவம் வந்தபோதுதான் ஆன்ட்டிக்கு அவன் அருமை தெரிந்தது. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பண்ண முடியுமாடா? மாநிறத்துக்கு மேலன்னு லெட்டர்ல எழுதிட்டோம். படமும் அதுக்கு மேட்ச் ஆகணும்ல?"

கருப்பு வெள்ளைப் படம்தான். இருட்டறையில் காகிதத்தின் மேல் வெளிச்சம் விழும்போது, முகம் விழும் இடத்தை மட்டும் நாலு நொடி கையை ஆட்டி மறைத்தான். வெளிச்சம் குறைந்த இடம் காகிதத்தில் வெளுப்பாக வரும். நாலே நொடியில் பெண் வெளுத்துவிட்டாள். டாலஸில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னார்கள். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஒருத்தருக்கு மரு போக வேண்டும், ஒருத்தருக்கு வழுக்கை மறைய வேண்டும். ஒரு டாக்டர் அங்கிள், தோட்டத்தில் பியர் டின்னோடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்து, டின்னை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். பாளையங்கோட்டையில் அவருடைய மாமனார் பிரசங்கியார். மையும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு, டின் இருந்த இடத்தில் புல்லை வரைந்து கொடுத்தான் பால்துரை. ஊருக்குப் போகும் படத்தில் ஊருக்குப் பிடித்தது மட்டும் இருந்தால் போதும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது நினைத்தான். பாவி, மனசார நினைத்தான்.

1987 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. சித்தப்பா ஜெபதாஸ், தூத்துக்குடியிலிருந்து. அம்மா விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாள். அதைக் கண்ட அப்பா அப்படியே சரிந்து விழுந்து, வலது கையும் காலும் விளங்காமல், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"ஏல, நீ வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஐஸ் வச்சு ரெண்டு நாள் காத்துக் கெடக்கோம். என்ன சொல்லுத?"

அரை மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வக்கீலுக்குப் போன் செய்தான். வக்கீல் அனுதாபம் தெரிவித்துவிட்டு அதே பாட்டைப் பாடினார். விசேஷ அனுமதி கேட்கலாம், ஆனால் அது கைக்கு வர வாரக் கணக்காகும். சட்டம் அவனைக் கட்டிப் போட்டுவிடவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கையில் பாஸ்போர்ட் இருந்தது, நியூயார்க்கிலிருந்து விமானம் இருந்தது. ஐந்து வருஷம் காத்துக் கிடந்ததை விட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். திரும்பவும் கூப்பிட்டான்.

"காத்திருக்க வேண்டாம் சித்தப்பா. எடுத்துருங்க."

சித்தப்பா அங்கே யாரிடமோ, 'தொரை வரல, பெட்டிக்குச் சொல்லிரு' என்றது கேட்டது.

"சரி. படம் எடுக்கையில ஒனக்கு எடம் விடச் சொல்லுதேன்" என்றார் சித்தப்பா.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீடுகளில் சாவு விழுந்தால், போதகருக்கு ஆள் போன கையோடு போட்டோக்காரருக்கும் ஆள் போகும். பெட்டியின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகம் தெரிய வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று ஒரு படம் எடுத்த பிறகுதான் மூடியைப் போடுவார்கள். தலைமாட்டில் மூத்த மகன் நிற்க வேண்டும். யார் எங்கே நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று இருபது வருஷம் கழித்தும் அந்தப் படத்தைப் பார்த்து ஊர் சொல்லும். கல்யாண ஆல்பத்தைக்கூட யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பதில்லை.

மூன்று வாரம் கழித்துத் தங்கை ஜெயலீலாவிடமிருந்து அட்டை வைத்த கவர் வந்தது. அம்மா பெட்டியில் வெள்ளைச் சேலையில் கிடந்தாள். கால்மாட்டில் சித்தப்பா. வலப்பக்கம் ஜெயலீலாவும் அவள் வீட்டுக்காரரும், பின்னால் அத்தை, மாமன்மார், சித்தி, பிள்ளைகள். தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம். அதில் வீட்டுச் சுவரும் முற்றத்துத் தரையும் தெரிந்தன. ஜெயலீலா எழுதியிருந்தாள்: "அண்ணே, ஒங்க படத்த அனுப்புனா தூத்துக்குடி ஸ்டூடியோவுல வெட்டி ஒட்டித் தருவாவளாம். அது அசிங்கமாத் தெரியுமாம். நீங்கதான் இதப் படிக்கியளே, நீங்களே பண்ணி அனுப்புங்க. மூத்த மகன் இல்லாத படத்த எப்படிண்ணே செவத்துல மாட்ட?"

செய்தி கேட்ட நாளிலிருந்து அவன் அழவில்லை. அழுகை வரவில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்தபோதும் வரவில்லை. அளவுகோலை எடுத்துச் சித்தப்பாவின் நிழலை அளந்தான்.

வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து, பிற்பகல் நாலு மணி வெயில். எடிசனில் அதே உயரத்துக்குச் சூரியன் மார்ச் மாதம் மூன்று மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டான். ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, அபார்ட்மென்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், துணி இஸ்திரி போடும் பலகையைச் சாய்த்து நிறுத்தி அதன்மேல் வெள்ளை விரிப்பைப் போட்டான். அதுதான் பெட்டி. தரையெல்லாம் பனி கிடந்தது. பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மோவாய்க்கு அடியில் விழும், சாயர்புரத்துச் செம்மண்ணில் அப்படி விழாது. அதனால் அனந்தராமனின் பழுப்புக் கம்பளியைக் காலடியில் விரித்தான். கோட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய வெள்ளைச் சட்டையோடு நின்று, பலகையின் ஓரத்தில் கையை வைத்துக் குனிந்து பார்த்தான்.

கேமரா முக்காலி ஸ்டாண்டில் இருந்தது. அனந்தராமன் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் அமுக்காமல் நின்றான்.

"பால், எனக்கென்னமோ இது சரியாப் படலைடா."

"குளுருது. அமுக்கு."

"போகலைங்கறது போகலைதானே? அதை எதுக்கு..."

"அமுக்குடா அனந்து!"

முப்பத்தாறு படங்கள். குளிர் காற்று முகத்தில் அறைந்ததில் கடைசிப் படங்களில் கண் சிவந்து நீர் வழிந்தது. அதில் ஒன்றைத்தான் எடுத்தான். அம்மாவுக்காக வந்த கண்ணீர் இல்லை அது, பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

பிறகு மூன்று வாரம் இருட்டறையே கதி என்று கிடந்தான். தன் உருவத்தை மெல்லிய கத்தியால் வெட்டி எடுத்தான். வெட்டின ஓரத்தைப் பின்பக்கமிருந்து உப்புத்தாளால் தேய்த்துக் காகிதம் சவ்வாகும்வரை மெலிதாக்கினான். ஊர்ப் படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் ஒட்டினான். நிழலை மையால் போட்டான். விரல்கள் பெட்டியின் விளிம்பைத் தொடும் இடத்துக்கு மட்டும் இரண்டு மாலை ஆனது. முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒரு படம் எடுத்து, அதிலிருந்து புதுப் பிரதி போட்டான். தடவிப் பார்த்தாலும் தெரியாது, உற்றுப் பார்த்தாலும் தெரியாது. பால்துரை அம்மாவின் தலைமாட்டில் நின்றான், கை பெட்டியின்மேல் இருந்தது.

வகுப்பில் பருவத் தேர்வுக்கு அதையே கொடுத்தான். ஆசிரியை பெரிய கண்ணாடி வைத்துத் தேடிவிட்டு, ஒட்டு எங்கே இருக்கிறதென்று தன்னால் சொல்ல முடியவில்லை என்றாள். வகுப்பே கைதட்டியது. அன்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரில் வரும்போது ஸ்டியரிங்கில் தாளம்கூடப் போட்டான். பின்னாளில் அவனால் தன்னை மன்னிக்க முடியாமல் போனது அந்தத் தாளத்துக்காகத்தான்.

மூன்று பிரதிகள் ஊருக்குப் போயின. சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, ஜெயலீலாவுக்கு ஒன்று, சாயர்புரம் வீட்டுச் சுவருக்கு ஒன்று.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முப்பத்தொரு வருஷம் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தபால் என்றால் அவருக்கு வேதத்துக்கு அடுத்தபடி. மகன் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும், வந்து சேர்ந்த தேதி, நேரம், எத்தனை நாள் எடுத்தது எல்லாம் எழுதித்தான் பதிலைத் தொடங்குவார். இப்போது வலது கை போய்விட்டது, பேச்சும் குழறியது, அறிவு மட்டும் துளிகூட மங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்து வீடு திரும்பினார். ஏப்ரல் கடைசியிலிருந்து பால்துரை அவருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினான். பதில் இல்லை. கை விளங்காதவர் எப்படி எழுதுவார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒரு நாள், அவன் மே மாதம் எழுதிய கடிதமே கப்பல் தபாலில் அவனிடம் திரும்பி வந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, பிரிக்கவில்லை. முகவரியின் குறுக்கே கோணல்மாணலாக, இடது கையால் எழுதின எழுத்தில், 'வாங்க மறுக்கப்பட்டது' என்று இருந்தது. கீழே தேதி, கையொப்பம். ஒரு தபாலை எப்படித் திருப்பி அனுப்ப வேண்டுமோ அப்படி முறைப்படி அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு.

சாயர்புரத்தில் போதகர் வீட்டில் போன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, ஜெயலீலாவை வரவழைத்தான்.

"என்னம்மா இது? அப்பாவுக்கு என்ன கோவம்?"

அவள் முதலில் அழுதாள். கடல் தாண்டி வந்த அழுகை விட்டு விட்டுக் கேட்டது.

"நாந்தாண்ணே தப்புப் பண்ணிட்டேன். அப்பா வீட்டுக்கு வந்ததும் செவத்துல படத்தப் பாத்தாவ. அடக்கத்த அவ்வொ பாக்கவே இல்லயே, அந்தப் படந்தான அவ்வொளுக்கு? தொரை வந்தானான்னு கேட்டாவ. மொகம் அப்படி மலந்து போச்சு. அந்த மொகத்தப் பாத்துட்டு, வரலைன்னு எப்படிச் சொல்ல? வந்தாவப்பான்னு சொல்லிட்டேன்."

"ம்."

"கொஞ்ச நேரம் கழிச்சு, வந்தவன் என்னய ஏன் பாக்கலன்னு கேட்டாவ. நீங்க ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தியன்னு சொன்னேன். நான் ஒரு நிமிசம் மயங்கல, வந்தவங்க அம்புட்டுப் பேரயும் சொல்லுதேன் கேளுன்னு சொன்னாவண்ணே. தாயப் பாக்க வந்தவன், முப்பது மைல்ல கெடந்த தகப்பன எட்டிப் பாக்காமப் பிளேன் ஏறிட்டானேன்னு... அதுக்கப்புறம் ஒங்க பேரச் சொல்லவே இல்ல."

பால்துரை ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடித்தான்.

"உண்மையச் சொல்லிரு ஜெயா. இன்னைக்கே சொல்லிரு. நான் வரவே இல்லைன்னு சொல்லு."

"சொல்லிட்டேண்ணே. சித்தப்பாவும் சொன்னாவ. நம்பல. படத்துல நிக்கானே, கண்ணு செவந்து நிக்கானேங்காவ."

தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய? வராதவன் என்று தெரிந்தால் அப்பாவுக்கு வருத்தம் இருந்திருக்கும், கோபம்கூட இருந்திருக்கும். கிரீன் கார்டு, வக்கீல் என்று ஏதோ சொல்லி ஆறியிருப்பார். வந்துவிட்டுப் பார்க்காமல் போன மகனை நினைத்து எந்தத் தகப்பன் ஆறுவான்?

நிரூபிக்கலாம் என்று நினைத்தான் பால்துரை. எஞ்சினியர் புத்தி. ஊரிலிருந்து முதலில் வந்த படம், தலைமாட்டில் வெறும் இடத்தோடு இருந்த அந்த அசல் படம், இவனிடம்தான் இருந்தது. இஸ்திரிப் பலகைமேல் கை வைத்து நிற்கும் படத்தையும் முழுசாகப் பிரதி போட்டான், பின்னால் பனியும் கார்களும் தெரிய. இரண்டையும் ஜெயலீலாவுக்கு அனுப்பினான். படி ஒன்று, படி இரண்டு என்று விளக்கமாக எழுதினான். இருட்டறையில் என்ன செய்தேன், எதை வெட்டினேன், எதை ஒட்டினேன் என்று வகுப்பில் எழுதுவதைவிடத் தெளிவாக எழுதினான். கூடவே ஒரு கேசட்டில் பேசியும் அனுப்பினான். பேசும்போதுதான் முதன்முதலாக அழுகை வந்தது. "நான் வரலப்பா. அம்மாவுக்கு நான் வரலப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இப்படி ஒரு வாக்குமூலத்தைச் சொல்லிப் பெற்றவரிடம் மன்றாட வேண்டி வரும் என்று எவனாவது நினைப்பானா?

பதில் வர ஒரு மாதம் ஆனது. ஜெயலீலா இரண்டு பக்கம்தான் எழுதியிருந்தாள்.

கேசட்டைப் போட்டதும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். படங்களை மட்டும் வாங்கி வெகுநேரம் பார்த்தாராம். பனியில் நிற்கும் படத்தைத் தள்ளிவிட்டு, இது எப்ப வேணும்னாலும் எடுத்திருக்கலாம் என்றாராம். பிறகு அசல் படத்தில் அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தாராம்.

"இதான் ஒட்டுப்போட்ட படம்னு சொல்லுதாவண்ணே. எங்கயாவது தாய் தலைமாட்டுல ஆள் நிக்காம எடத்த விட்டுட்டு நிப்பாங்களா, இவன் நின்ன எடத்துல இருந்து இவன அழிச்சிருக்கான், பண்ணுன காரியத்த மறைக்கதுக்கு இப்ப வரவே இல்லங்கான், அதத்தான் காசு கட்டிப் படிச்சிருக்கான்னு சொல்லுதாவ. நான் என்னண்ணே பண்ண?"

பால்துரை கடிதத்தை மேசைமேல் வைத்தான். அனந்தராமன் எடுத்துப் படித்தான். மடித்து உறைக்குள் வைத்தான்.

"கிளம்பிப் போயிடுடா" என்றான் பிறகு. "கார்டு போனாப் போறது. நேர்ல போய்க் கால்ல விழு."

"வக்கீல் இன்னும் ஆறு மாசங்கறார்."

"ஆறு மாசம்! போன வருஷமும் ஆறு மாசம்னார்."

அவன் போகவில்லை. இதை எழுதும்போதே கோபம் வருகிறது, என்றாலும் எழுதத்தான் வேண்டும். ஒரு முறை போகாமலிருந்ததற்கு ஐந்து வருஷம் காரணமாக இருந்தது, இப்போது ஆறு வருஷம் காரணமாக இருந்தது. காத்த காலம் கூடக் கூட அதை விடுவது கஷ்டமாகிவிடுகிறது. கார்டு கைக்கு வந்த மறுநாளே டிக்கெட் வாங்கிவிடுவேன் என்று தங்கைக்கு எழுதினான். அதை அப்பாவிடம் சொல் என்று எழுதினான். அவள் சொன்னாளா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

படிப்பைப் பாதியில் நிறுத்தினான். அடுத்த பருவம் கலர்ப் படம், எல்லாரும் ஆசையாகக் காத்திருந்தது. இவன் பெயர் கொடுக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் ஞானமணி ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்கள்.

"சின்னவளுக்கு அலையன்ஸ் வந்திருக்குடா, ஹூஸ்டன் பையன். அக்காவுக்குப் பண்ணின மாதிரியே பண்ணிக் கொடுத்துடு."

"அப்படியே இருக்கட்டும் ஆன்ட்டி. அவ எப்படி இருக்காளோ அப்படியே அனுப்புங்க."

"என்னடா பேச்சு இது? கை விட்டுப் போச்சா?"

"ஆமா ஆன்ட்டி."

ஆன்ட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தட்டில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டுப் போனார்கள்.

1988 நவம்பர் பதினான்காம் தேதி கார்டு தபாலில் வந்தது. மறுநாளே டிக்கெட் வாங்கினான், டிசம்பர் பத்தாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினான். இடது கையால் எழுத வசதியாக இருக்கும் என்று தடித்த பேனா ஒன்றும் வாங்கினான். அவரிடம் என்ன பேசுவது என்று காரில் தனியாகப் போகும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான்.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி அப்பா போய்விட்டார். அவனுக்குச் சொல்லப்பட்டது டிசம்பர் இரண்டாம் தேதி, அடக்கமெல்லாம் முடிந்த பிறகு. சித்தப்பாதான் பேசினார்.

"ஏன் சித்தப்பா, உடனே ஏன் சொல்லல? இந்தத் தடவ நான் வந்திருப்பேனே! கார்டு வந்துட்டே சித்தப்பா!"

"ஒங்கப்பா சொல்லிட்டுப் போனாருல. அவனுக்குக் காத்திருக்காதிய, ஐஸ் வைக்காதியன்னு. சாவப் போறவரு பேச்சத் தட்ட முடியுமா? நீயே சொல்லு."

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். யாரைப் பார்க்கப் போவது? போனால் ஊர் என்ன கேட்கும் என்பதும் தெரியும். அம்மாவுக்கு வந்தியே, அப்பாவுக்கு ஏன் வரல? அதற்கு என்ன பதில் சொன்னாலும் அது பொய்யாகத்தான் கேட்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அட்டை வைத்த கவர் வந்தது. ஜெயலீலாவின் கையெழுத்து. அனந்தராமன் வேலைக்குப் போயிருந்தான். பால்துரை ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தான்.

அதே முற்றம், அதே சுவர். பெட்டியில் அப்பா, நெஞ்சின்மேல் வேதாகமம். கால்மாட்டில் சித்தப்பா. பின்னால் அத்தை, மாமன்மார், சித்தி, வளர்ந்துவிட்ட பிள்ளைகள். தலைமாட்டில் ஜெயலீலாவின் வீட்டுக்காரர் நின்றார், அவரை ஒட்டி ஜெயலீலா, அவளை ஒட்டி அவள் மகன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கூடவே ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தாள்: "அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க. படத்துல அவனுக்கு எடம் விடக்கூடாதுன்னு அப்பா சித்தப்பாகிட்டச் சத்தியம் வாங்கிட்டாவ."

கல்லூரியில் வாங்கிய பெரிதாக்கும் கண்ணாடி மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்துத் துடைத்து, படத்தின்மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினான். சித்தப்பாவின் முழங்கைக்கும் சித்தியின் சேலைக்கும் நடுவில் பார்த்தான். பின்வரிசையில் தலைக்கும் தலைக்கும் நடுவில் பார்த்தான். முற்றத்தின் மூலைவரை பார்த்தான். கத்தி நுனி போகும் அளவுக்குக்கூட எங்கும் இடம் விடவில்லை. பிறகு மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.